தலைமேல் வைத்த கை

மேனேஜர் பாடுவார். இதற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மனிதரை முப்பது வருஷமாக, பிரிவுபசார விழா, வருஷக் கணக்கு முடித்த விருந்து என்று எதற்கெடுத்தாலும் "சார், உங்க பாட்டு இல்லாமயா?" என்று மேடையேற்றி, பாடி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினால், அவர் தன்னைப் பாடகர் என்று நம்பாமல் வேறென்ன செய்வார்? அவர் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனக் கிளையில் லீவு வேண்டுபவர் கொஞ்சம் அழுத்தித் தட்டுவார். மாற்றலை நிறுத்த வேண்டியவர் விசில்கூட அடிப்பார். மேனேஜருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற பழக்கம். அதனால் எதிரே இருக்கும் முகங்கள் என்ன பாடு படுகின்றன என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பாட்டும் எப்போதும் ஒரே பாட்டுதான். விட்டுப் போன காதலியைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சும் பழைய சோகப் பாட்டு. அவள் ஏன் விட்டுப் போனாள் என்பது சார் பாடும்போதுதான் விளங்குகிறது என்று தபால் பிரிவு குமாஸ்தா ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். யாரோ போட்டுக்கொடுத்தார்கள். பாவம், அந்த மனிதர் பஸ்ஸே போகாத ஒரு கிளைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தன்னுடைய பிரிவுபசார விழாவிலும் மேனேஜர் பாடினார். அன்றைக்குக் கைதட்டல் கொஞ்சம் தயங்கி வந்தது. புதிய மேனேஜர் தட்டுகிறாரா என்று எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டினார்கள். நம்மவர் கண்ணைத் திறப்பதற்குள் அதுவும் ஓய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வீடு. வீட்டில் மனைவி, மனைவியிடம் ஒரு தையல் மெஷின். பக்கத்துத் தெரு மெத்தைக்கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மேனேஜர் தொண்டையைச் செருமினால் போதும், மெஷின் வேகம் பிடித்துவிடும். முதல் வரிக்கு ஓர் உறை, இரண்டாவது வரிக்கு இன்னொன்று. "அவர் ரிடையர் ஆனதிலிருந்து எனக்கு வேலை நல்லா ஓடுது" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். குடியிருப்புச் சங்கத்தின் பாட்டுக் குழுவில் சேரலாம் என்று போனார். அங்கே அவருடைய நிர்வாகத் திறமையை வானளாவப் புகழ்ந்து, நாற்காலி போடும் கமிட்டிக்குத் தலைவராக்கி அனுப்பினார்கள்.

இந்த நிலையில்தான் நூலக வாசலில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான இசைக் குழு, மாடி அறையில், சனிக்கிழமை தோறும், தன்னார்வலர்கள் தேவை. மேனேஜர் அதில் குறைபாடு என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் படித்தார். பெரியவர்கள் என்ற சொல்லைப் படிக்கவே இல்லை. சமூகத்துக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று வீட்டில் சொன்னார். உள்ளுக்குள் ஓடிய கணக்கு வேறு. பாவம், அதுகளுக்கு என்ன தெரியப்போகிறது, எதைப் பாடினாலும் சந்தோஷப்படும். தான் பாடுவதைக் கடைசிவரை கேட்க நாலு பேர் வேண்டும்; வாழ்க்கையில் அவருக்கு இனி வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு எந்த மாடிப்படியும் ஏறத் தயாராக இருந்தார்.

ஏறினார். நீள அறை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பன்னிரண்டு பேர். முடி நரைத்தவர்கள் உண்டு, வழுக்கை விழுந்தவர்கள் உண்டு. கீபோர்டுக்குப் பின்னால் ஒரு டீச்சர், முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறவளுக்கு உரிய அவசரம் முகத்தில்.

"குழந்தைங்களா, எப்படி இருக்கீங்க?" என்றார் மேனேஜர், குரலில் தேன் தடவி.

பன்னிரண்டு பேரும் குழந்தைகள் எங்கே என்று திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

முன் நாற்காலியில் கனத்த உடம்புடன் சிரிப்பே இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "குழந்தை யாரும் வரல. எனக்கு நாப்பத்தாறு வயசு. பேக்கரில வேலை. பெட்டி மடிக்கிறேன்" என்றார்.

மேனேஜருக்கு இது ரொம்ப அழகாகப் பட்டது. குனிந்து அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தார். இங்கே புதிதாக வருகிறவர்கள் ஊரில் வழக்கம் இப்படிப்போல என்று முடிவு செய்தவர் மாதிரி எழுந்து நின்று, மேனேஜர் கன்னத்தைத் திருப்பித் தட்டினார். கொஞ்சம் பலமாகவே.

"இவரை நாங்க ஜட்ஜுன்னு கூப்பிடுவோம்" என்றாள் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஏன்னு போகப் போகத் தெரியும். சார், இங்க ஒரே ஒரு ரூல்தான். யாருக்காவது ஏதாவது சத்தம் தாங்கலன்னா கையத் தலைமேல வைப்பாங்க. வெச்சா எல்லாரும் நிறுத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது, கோவிச்சுக்கக் கூடாது. சில பேருக்குச் சத்தம் ஊசி மாதிரி குத்தும், வாயால சொல்ல வராது. அதுக்காக வெச்சது."

"ரொம்ப நல்ல ரூல்மா" என்றார் மேனேஜர். அது தனக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அறையின் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். காதலியை அழைத்தார்.

அழைத்துக்கொண்டே இருந்தார். முதல் வரி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் யாரோ அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர், உலகத்தில் எல்லா ஆண்களும் அவருக்குத் தம்பிதான். "தம்பி, நிறுத்து! அப்பலேர்ந்து கை வெச்சுட்டு இருக்கோம், கை வலிக்குது!"

மேனேஜர் கண்ணைத் திறந்தார். பன்னிரண்டு பேரும் தலைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜ் மட்டும் இரண்டு கையையும் வைத்திருந்தார். டீச்சரின் கையும் பாதி தூரம் போய், சட்டென்று முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

அவருக்குச் சத்தம் இல்லாத ஒரு வேலை கொடுப்பது என்று குழு தீர்மானித்தது. முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தால் மனது கஷ்டப்படும் என்று அக்கா பரிந்து பேசியதால் ஒரு கிலுகிலுப்பை கிடைத்தது. அக்கா தலையாட்டும்போது ஒரு தடவை ஆட்ட வேண்டும். இருநூறு பேருக்குச் சம்பள உயர்வு எழுதிய கை அந்தக் கிலுகிலுப்பையை எப்போதும் முந்திக்கொண்டே ஆட்டியது.

வீட்டில் மெஷினை நிறுத்தாமலே மனைவி கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல. முதல் வரி முடியல. அதுக்குள்ள எல்லாரும் கையத் தலைமேல தூக்கிட்டாங்க."

"அட! அவ்வளவு உருகிட்டாங்களா?"

"ம்" என்றார் மேனேஜர். பொய்தான். ஆனால் ஒற்றை எழுத்துப் பொய், அதை மனசாட்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை போகாமல் விட்டிருப்பார். போனதற்குக் காரணம் சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீம்பு. ஒரு பேக்கரிப் பெட்டி மடிக்கிற ஆள் தன்னை ஒரே வரியில் நிறுத்துவதா? அன்று மெதுவாகப் பாடிப் பார்த்தார். கை. அதற்கடுத்த வாரம் சுருதியைக் கீழே இறக்கிப் பாடினார். கை. ஒரு வாரம் உயர்ந்த ரக கிரீம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய் ஜட்ஜுக்குத் தனியாக நாலு கொடுத்துவிட்டுப் பாடினார். ஜட்ஜ் வலது கையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே இடது கையைத் தலைமேல் வைத்தார். ஆனாலும் அன்றைக்கு முதல் வரி முழுசாக முடிந்தது. அதுவரைக்கும் அதுதான் அவருடைய சாதனை.

ஜட்ஜ் ஒன்றும் நடுநிலை தவறாத மகான் இல்லை. டீ வரும் நேரம் ஆகிவிட்டால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டையே கை வைத்து நிறுத்திவிடுவார். அக்காவோடு சண்டை என்றால் அவர் குச்சியை எடுப்பதற்கு முன்பே கை ஏறிவிடும். "இன்னும் அடிக்கவே இல்லையேடா தம்பி!" என்று அக்கா கத்துவார். "அடிப்பீங்க" என்பார் ஜட்ஜ். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருநாள் மேனேஜர் ரூலை மீறிக் கேட்டே விட்டார்.

"ஏன் நிறுத்தறே? அப்படி என்ன குறை?"

ஜட்ஜ் டீயை உறிஞ்சினார். "பாட்டு வரல. நீங்கதான் வர்றீங்க."

இவனுக்கு என்ன தெரியும் என்று மேனேஜர் திரும்பிக்கொண்டார். ஆனால் அன்று படியிறங்கும்போது அந்த வாக்கியமும் கூடவே இறங்கி வந்தது.

அந்தச் சமயத்தில் மெத்தைக்கடை முதலாளி மாடியேறி வந்தார். கூடவே ஒரு போட்டோகிராபர். கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் இந்தக் குழுவை மேடையேற்றப் போவதாகச் சொன்னார். பேனர் ஏற்கெனவே தயாராக இருந்தது. படுக்கை விரிப்பின் படத்துக்கு மேலே, உறங்கும் திறமைகளைத் தட்டி எழுப்புவோம் என்று அச்சிட்டிருந்தது. ஒரு மெத்தைக்கடை ஏன் ஆட்களைத் தட்டி எழுப்புகிறது என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

"நீங்க எல்லாரும் பூமிக்கு வந்த தேவதைகள்" என்றார் முதலாளி, கேமராவைப் பார்த்து.

"தேவதைக்கு முட்டி வலி தம்பி, உக்காந்துக்கறேன்" என்றார் அக்கா.

டீச்சர் ஒரு விஷயம் கேட்டாள். அக்காவைப் போல நாலைந்து பேருக்கு மாடி ஏறுவதே பெரும்பாடு. கடையின் பின்புறத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறதே, சனிக்கிழமை மட்டும் கொடுப்பீர்களா? முதலாளி விழா முடியட்டும் என்றார். முடிய வேண்டிய விதத்தையும் சொன்னார். "இவங்க பாடட்டும். ஆனா முதல்ல ஒரு சாதாரண ஆளும் தனியா ஒரு பாட்டுப் பாடணும். ஜனங்க மொத்த நேரமும் அழுதுட்டே உக்கார முடியாது பாருங்க. இவங்க பின்னால அழகா நிக்கட்டும்."

முதலாளியின் கண் அறையைச் சுற்றி வந்து, இஸ்திரி போட்ட சட்டையும் நரைத்த மீசையுமாகக் கிலுகிலுப்பையை மறைத்துக்கொண்டு நின்றவர் மேல் நிலைத்தது. "சார் பாடுவீங்களா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று! மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் அவரைத் தனியே கூப்பிட்டாள். "சார், அந்த ரூம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். அதனால சரின்னு சொல்றேன். ஆனா நம்ம ரூல் மேடையிலயும் உண்டு. கை வெச்சா நிறுத்திடணும்."

"கண்டிப்பா மா. கை வெச்சா நிறுத்திடறேன்."

சொன்ன வாக்கில் அவர் உறுதியாகத்தான் இருந்தார். கை வைத்தால்தானே? கை காலியாக இருந்தால்தானே வைக்க முடியும்? சங்கடமான பாலிசிதாரர்களை முப்பது வருஷம் சமாளித்த மூளைக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. அன்று மாலையே மனைவியிடம் போய் நின்றார்.

"விழாவுக்குத் துணியில பூங்கொத்து தெச்சுக் கொடு. பன்னிரண்டு வேணும். நல்லாப் பெருசா, கனமா. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பிடி வெச்சு."

"பூங்கொத்துக்கு எதுக்குங்க ரெண்டு பிடி? என்ன பாத்திரமா இறக்கப் போறாங்க?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் பாக்க அழகா இருக்கும்."

அவள் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தாள். அழகைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தாலும் கடையில் மிஞ்சிய மெத்தைத் துணியை வாங்கி, உள்ளே பஞ்சு அடைத்து, தலையணை அளவுக்குப் பன்னிரண்டு பூங்கொத்துகளைத் தைத்தாள். அவர் மேடையில் பாடப் போகிறார் என்பதில் அவளுக்கும் ஏதோ ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இதழையும் மடித்துத் தைத்திருந்தாள்.

ஒத்திகையில் மேனேஜர் பாடவில்லை. தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று பெரிய பாடகர்கள் மாதிரி மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் அந்த மப்ளரைப் பார்த்து, "நல்லா இருக்கு. இதையே எப்பவும் கட்டிக்குங்க" என்றார்.

விழா நாள் வந்தது. பெரிய அரங்கம், இருக்கையெல்லாம் நிரம்பியிருந்தது. ஒரு மெத்தை வாங்கினால் ஒரு தலையணை இலவசம் என்ற கூப்பனை வாசலில் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பழைய ஆபீஸிலிருந்து எல்லோரையும் அழைத்ததில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் திரைக்குப் பின்னால் தன் கையாலேயே பூங்கொத்துகளை வினியோகித்தார். "ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கணும், கீழ போடக் கூடாது, அம்மா கஷ்டப்பட்டுத் தெச்சது." பன்னிரண்டு பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் ஓரத்தில் கீபோர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. கவனித்தது ஜட்ஜ் மட்டும்தான். அவர் தன் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கீழே விழாத எதையோ பொறுக்குவதற்காகக் குனிந்துகொண்டார்.

திரை விலகியது. பின்னால் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பூங்கொத்துகள். முன்னால் மைக். மேனேஜர் தொண்டையைச் செருமினார், கண்ணை மூடினார். மைக் வேலை செய்தது. அது கூட்டத்தின் தலைவிதி. முதல் வரியைப் பாடி முடித்தார். நிறுத்த ஆளில்லை. இரண்டாவது வரியில் காலை ஊன்றினார்.

அப்போது கைதட்டல் எழுந்தது.

முப்பது வருஷத்தில் அவர் பாடி முடித்தபின் தட்டியிருக்கிறார்கள். பாடிக்கொண்டிருக்கும்போது யாரும் தட்டியதே இல்லை. அரங்கமே அதிர்ந்தது. விசில், சிரிப்பு, "சூப்பர்!" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல். மேனேஜருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

பாடிக்கொண்டே திரும்பினார். ஜட்ஜ் தன் பூங்கொத்தை இரண்டு பிடிகளையும் விடாமல் தூக்கித் தலைமேல் வைத்திருந்தார். கீழே போடக் கூடாது என்றதையும் கேட்டாயிற்று, ரூலையும் காப்பாற்றியாயிற்று. அவரைப் பார்த்து அக்கா. அக்காவைப் பார்த்து மற்றவர்கள். பன்னிரண்டு தலைகளின் மேலும் பன்னிரண்டு பூங்கொத்துகள். விளக்கு வெளிச்சத்தில் அது பார்க்க நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. நடன அமைப்பு யார் என்று முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவ்வளவு பேரும் பாடு பாடு என்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாடி முடித்துவிடலாம். அவர் ஆசைப்பட்ட மேடை, ஆசைப்பட்ட கைதட்டல், எல்லாம் காலடியில் கிடக்கிறது. கண் தானாகவே முதல் வரிசைக்குப் போனது.

மனைவி கைதட்டவில்லை. மேடையில் தான் தைத்த இரட்டைப் பிடிகளைப் பார்த்தாள், அந்தத் தலைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எல்லோரும் தலைமேல் கையைத் தூக்கிவிட்டார்கள் என்று அவர் அன்று வந்து சொன்னதுகூட அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்லத் தன் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் காதலியைப் பாதி வழியில் விட்டுவிட்டு நிறுத்தினார்.

கைதட்டல் கொஞ்ச தூரம் தானாக ஓடி, அப்புறம் வெட்கப்பட்டு நின்றது. அவருக்குக் காது சுட்டது. நடந்து போய் ஜட்ஜின் கையிலிருந்து பூங்கொத்தை வாங்கிக் கீழே வைத்தார். ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கி வைத்தார். "தப்பு என்னுதுதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். அக்கா, "சரி தம்பி, போய் உன் கிலுகிலுப்பைய எடு" என்றார்.

குழுவின் பாட்டு ஆரம்பித்தது. அதற்குப் புகார்ப் பாட்டு என்று பெயர். அவர்களே கட்டியது. அந்த வாரம் தனக்குப் பிடிக்காத ஒன்றை ஆளுக்கு ஒரு வரியாகப் பாட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் எல்லோரும், "அப்படியா? அப்படித்தான்!" என்று பதில் பாட வேண்டும். அக்காவின் டிரம்ஸ் முழங்கியது.

"மாடிப்படி என் முட்டிய உடைக்குது!"

"அப்படியா? அப்படித்தான்!"

"என்னைக் கேக்காமலே எனக்குச் சட்டை வாங்கறாங்க!"

"அப்படியா? அப்படித்தான்!"

கூட்டம் முதலில் எப்போது அழுவது என்று தெரியாமல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தவித்தது. நாலாவது வரியில் கைக்குட்டையை உள்ளே வைத்துவிட்டுத் தாளம் போட ஆரம்பித்தது. மைக் ஜட்ஜிடம் வந்தது. அவர் முதலாளியை நேராகப் பார்த்துப் பாடினார்.

"உங்க கடையில வாங்கின மெத்தை குழி விழுந்துபோச்சு!"

அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று, "அப்படியா? அப்படித்தான்!" என்றார்கள். அவர்களும் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள்தான். முதலாளியின் புன்னகை முகத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கடைசியில் மைக் கிலுகிலுப்பை வரைக்கும் வந்துவிட்டது. மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டினார். அக்கா விடவில்லை. டிரம்ஸ் அவருக்காகக் காத்துக்கொண்டு அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தது. அவர் மைக்கை வாங்கினார். கண்ணை மூடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உயர்த்துவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"நான் பாடினா யாருமே கேக்கறதில்ல."

"அப்படியா? அப்படித்தான்!" என்றது அரங்கம் முழுவதும்.

டிரம்ஸ் அடுத்த அடிக்குப் போவதற்குள் ஜட்ஜ் மைக்கைப் பிடுங்கினார். தாளத்தில் சேராமல், பாட்டாகவும் இல்லாமல், கோபத்தோடு சொன்னார்: "நான் கேட்டேன். எல்லாச் சனிக்கிழமையும் கேட்டேன்."

உண்மை அதுதான். தட்டியவர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் இவர் ஒருவர்தான், கேட்டதனால்தான் கையைத் தலையில் வைத்தார். மேனேஜர் கிலுகிலுப்பையை ஆட்டினார். முதல்முறையாக அது சரியான இடத்தில் விழுந்தது. கண்ணைத் துடைக்க அவருக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது.

பிறகு முதலாளி பேச வந்தார். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தேவதைகள், தெய்வீகம், தியாகம், தன் கடையின் வளர்ச்சி என்று போய்க்கொண்டே இருந்தார். ஜட்ஜ் கையைத் தூக்குவதற்கு முன்பே, இந்த முறை முந்திக்கொண்டு, மேனேஜர் தன் கையைத் தலைமேல் வைத்தார். ஜட்ஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று. அடுத்தாற்போல் பன்னிரண்டு கைகள். முதல் வரிசையில் ஒரு கை. புகார்ப் பாட்டில் சூடேறியிருந்த கூட்டத்துக்கு இதுவும் புரிந்துவிட்டது, வரிசை வரிசையாகக் கைகள் ஏறின. முதலாளி பேச்சை நிறுத்தி எல்லோரையும் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டார். இது இவர்கள் பாணி மரியாதை போலும் என்று நினைத்து, தானும் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, மேற்கொண்டு பேச வார்த்தை வராமல் உட்கார்ந்தார். அந்த நெகிழ்ச்சியிலேயே பின்புற அறையையும் கொடுத்துவிட்டார். இப்போது குழு அங்கேதான் கூடுகிறது. சுற்றிலும் மெத்தைகள் அடுக்கியிருப்பதால் யார் கத்தினாலும் பாதிச் சத்தம் பஞ்சுக்குள் போய்விடுகிறது. மேனேஜரைக் கோரஸில் சேர்த்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி வழக்கம்போல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசிக்குக் கீழே பாதி தைத்த உறை ஒன்று இருந்தது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"முப்பத்தி ரெண்டு வருஷமா மெஷின ஓட்டினேன்" என்றாள் அவள். "ஒருநாள் நிறுத்திட்டு, கேக்க முடியலீங்கன்னு சொல்லியிருக்கலாம். வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

அவள் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்பப் பாடுங்க. கேக்கறேன். கை இங்கதான் இருக்கு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அது ஒன்றுதான் அந்த அறையில் கேட்டது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். அவள் அசையாமல் கேட்டாள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியும் முடிந்தது. மூன்றாவது வரியில் காதலியைத் திரும்பி வரச் சொல்லும் இடத்தில், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைத் தூக்கித் தலைமேல் வைத்தாள்.

அவர் அங்கேயே நிறுத்தினார்.

"ரெண்டு வரி கேட்டிருக்கே!" என்றார், சந்தோஷம் தாங்காமல்.